தேயிலை வகைகள் வெவ்வேறு செடிகளா? பாட்டி தின்ற தேயிலை எது?

நீங்கள் கேட்டவை இரண்டு. கடையில் கறுப்பு, பச்சை, வெள்ளை, ஊலாங் என்று பெயரிட்டு விற்கிறார்களே, இவை வெவ்வேறு செடிகளா என்பது ஒன்று. 1960களில் பர்மாவிலிருந்து கப்பலேறி வியாசர்பாடிக்கு வந்த உங்கள் பாட்டி, “ரங்கூனில் தேயிலையைக் குடித்த அளவுக்குத் தின்றும் இருக்கிறோம்” என்கிறாரே, அந்தத் தேயிலை இவற்றில் எதில் சேரும் என்பது மற்றொன்று. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. செடியிலிருந்து கிள்ளிய கொழுந்து அதற்குப் பிறகு என்ன பாடு படுகிறது என்பதைச் சொல்லிவிட்டால் இரண்டுக்கும் விடை வந்துவிடும். நான் யாங்கோனில் (ரங்கூனின் இன்றைய பெயர்) பிறந்து வளர்ந்தவன். அப்பா டீக்கடை நடத்தினார். நான் மொத்தத் தேயிலைக் கடை ஒன்றில் 27 ஆண்டுகளாக இலை பார்த்து வாங்கும் வேலையில் இருக்கிறேன். பர்மாவின் ஷான் மலையில் நம்சான், பிண்டயா பக்கங்களில் கண்ணால் பார்த்தவற்றை உறுதியாகச் சொல்வேன். சீனத்து வகைகளில் சிலவற்றைச் செய்யும் இடத்தில் நான் நின்றதில்லை. அவற்றை வியாபாரிகளிடம் கேட்டும், இலையைக் கையில் எடுத்துப் பார்த்தும், சாற்றைச் சுவைத்தும்தான் கற்றேன்.

முதலில் செடி. கறுப்பு, பச்சை, வெள்ளை, மஞ்சள், ஊலாங் எல்லாமே கமேலியா சினென்சிஸ் என்ற ஒரே இனத்தின் இலைதான். அதற்குள் சிற்றிலைச் சீன வகை, பேரிலை அசாம் வகை என்று இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. எங்கள் ஷான் மலையில் பெரும்பாலும் பேரிலைதான். கவாத்து செய்யாமல் விட்டால் செடி என்று சொல்ல முடியாது, ஏணி வைத்துப் பறிக்கும் அளவுக்கு மரமாகிவிடும். பேரிலை கடும் சாறு தரும் என்பதால் கறுப்புத் தேயிலைக்கும், சிற்றிலை மென்மையானது என்பதால் பச்சைத் தேயிலைக்கும் விரும்பப்படுகிறது. ஆனால் இது வழக்கமே தவிர விதி அல்ல. ஒரே மரத்தின் கொழுந்தைக் காலையில் பறித்து ஐந்து பங்காகப் பிரித்தால் ஐந்து வகைத் தேயிலையும் செய்யலாம். தென்னாப்பிரிக்காவின் ராய்பாஸ், நம் ஊர் துளசி, செம்பருத்தி முதலியவற்றைத் தேநீர் என்று பொட்டலத்தில் அச்சடித்தாலும் அவை வேறு செடிகள். அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வாழைக்காயை நறுக்கி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்த் திரும்பினால் வெட்டிய முகம் கறுத்திருக்கும் அல்லவா? தேயிலையின் கதை பெரும்பாலும் அந்தக் கறுப்பின் கதைதான். இலைக்குள் பாலிபீனால் என்ற துவர்ப்புப் பொருளும், அதை மாற்றக்கூடிய ஒரு நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. இலை கசங்கினால் அறைச்சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன, காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்கிறது. பச்சை நிறம் செம்பாகி, பிறகு பழுப்பாகிறது. பச்சைத் துவர்ப்பு குறைந்து மணம் பிறக்கிறது. இதைத் தடுக்கவும் ஒரு வழி இருக்கிறது. வெந்நீரில் ஒரு கொதி விட்டு எடுத்த வாழைக்காய் அவ்வளவாகக் கறுப்பதில்லை, ஏனென்றால் சூட்டில் நொதி செத்துவிடுகிறது. கறுக்க விடுவதா, எவ்வளவு நேரம் விடுவது, எப்போது சூடு காட்டி நிறுத்துவது என்பதை வைத்துத்தான் வகைகள் பிரிகின்றன.

ஒரு சொற்குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் இணையத்தில் படிக்கும் பாதிக் குழப்பம் இதனால்தான் வருகிறது. கறுப்புத் தேயிலையை ‘புளிக்க வைத்த தேயிலை’ என்று ஃபாக்டரிக்காரர்களே சொல்வார்கள், பழைய புத்தகங்களும் அப்படியே எழுதின. அது தவறு. இட்லி மாவு புளிப்பது நுண்ணுயிர்களால். வாழைக்காய் கறுப்பது நுண்ணுயிரால் அல்ல. கறுப்புத் தேயிலையில் நடப்பது வாழைக்காய் வேலை. இட்லி மாவு வேலை நடக்கும் தேயிலைகள் வேறு இருக்கின்றன. உங்கள் பாட்டியின் தேயிலை அந்தப் பக்கத்தைச் சேர்ந்தது.

நாம் அன்றாடம் குடிக்கும் கறுப்புத் தேயிலையில் தொடங்குகிறேன். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை வலைத்தட்டில் பரப்பி 12 முதல் 18 மணி நேரம் வாட்டுவார்கள். வாடியது போதுமா என்று பார்க்க மணி பார்த்தால் போதாது. மழை நாளில் ஒரு கணக்கு, வெயில் நாளில் ஒரு கணக்கு. ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விரலைத் திறக்க வேண்டும். வாடாத இலை உடனே சிலிர்த்து விரிந்துவிடும். வாடிய இலை உருண்டையாகவே உட்கார்ந்திருக்கும். காம்பை மடக்கினால் ‘பட்’டென்று ஒடியாமல் நூல்போல வளையும். மூக்குக்கும் வேலை உண்டு. புல் வெட்டிய வாசனை போய்ப் பழ வாசனை எட்டிப் பார்க்கும் நேரம் அது. இந்தப் பதத்தைத் தவறவிட்ட இலையை அடுத்து வரும் எந்த இயந்திரமும் காப்பாற்றாது.

பிறகு உருட்டுதல். பழைய முறையில் உருளை இயந்திரம் இலையை முறுக்கி உடைக்கும். அதில் வரும் இலை கம்பி கம்பியாக இருக்கும். இன்னொன்று சி.டி.சி. முறை. எதிரெதிராகச் சுழலும் பல்லுள்ள உருளைகளுக்கு நடுவே இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு, சிறுமணிகளாக வெளியே விழும். 1930இல் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கியது இது. சாறு விரைவாக, கெட்டியாக இறங்குவதால் பால் டீக்கு இதை விட்டால் வேறில்லை. நசுங்கிய இலையைப் பரப்பி வைத்தால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் செம்புக் காசின் நிறம் வரும். சாற்றின் பொன் பளபளப்பு தியாஃப்ளாவினால், அடர்ந்த செம்பழுப்பு தியாருபிஜினால். நேரம் நீண்டால் முதலாவது குறைந்து இரண்டாவது ஏறும், டீ கறுத்துச் சப்பென்று ஆகிவிடும். சரியான நேரத்தில் சூடான காற்றில் உலர்த்தி ஈரத்தைச் சுமார் மூன்று விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது. கிட்டத்தட்ட நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். சலித்துப் பிரிக்கும்போது அடியில் நிற்பது டஸ்ட். டஸ்ட் என்றால் கழிவு என்று பலர் நினைக்கிறார்கள். அது அளவின் பெயர், தரத்தின் பெயர் அல்ல. நல்ல டஸ்ட் மோசமான முழு இலையைவிட விலை போகும்.

எங்கள் ஊர் டீக்கடையில் இந்தக் கறுப்புத் தேயிலையைத்தான் நீண்ட நேரம் காய்ச்சி, டின்பாலும் கெட்டிப்பாலும் சேர்த்துக் கொடுப்பார்கள். ‘சோ’ என்றால் இனிப்பு, ‘சா’ என்றால் கடுப்பு, ‘செய்ன்’ என்றால் பால் தூக்கல். இந்தச் சொற்களை ஒட்டி ஒட்டித்தான் ஆர்டர் போகும். அப்பா வாடிக்கையாளர் தெருமுனையில் திரும்பும்போதே ‘சா செய்ன்’ ஒன்று என்று உள்ளே குரல் கொடுப்பார். கடுப்பாக, பால் தூக்கலாக ஒரு கோப்பை, கூடவே ஒரு பரோட்டா. பர்மியர்கள் அதைப் ‘பலாட்டா’ என்பார்கள். பாட்டியிடம் கேளுங்கள், நினைவிருக்கும்.

அதே கடையில் ஒவ்வொரு மேசையிலும் காசு கேட்காமல் ஒரு கெண்டி வைத்திருப்பார்களே, அதில் இருப்பது பச்சைத் தேயிலை. பர்மியப் பெயர் ‘யே நுவே ஜான்’. பச்சைத் தேயிலையில் வரிசை தலைகீழ். பறித்த இலை நசுங்குவதற்கு முன்பே சூடு காட்டி நொதியைக் கொன்றுவிட வேண்டும். சீனாவில் பெரும்பாலும் இரும்புச் சட்டியில் வறுக்கிறார்கள், அதனால் கடலை வறுத்த வாசனை வரும். ஜப்பானில் ஆவியில் வேக வைக்கிறார்கள், அதனால் கீரை வாசனை வரும். மாட்ச்சா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்களே, அது நிழலில் வளர்த்து, ஆவி காட்டி, உலர்த்தி, கல்லில் அரைத்த பச்சைத் தேயிலைத் தூள். எங்கள் மேசைக் கெண்டியில் போடும் இலை முரடானது, போடும் முன் கொஞ்சம் வறுத்துக்கொள்வதும் உண்டு. அதனால்தான் கொதிநீரையே ஊற்றினாலும் அவ்வளவாகக் கசப்பதில்லை. நீங்கள் வாங்கிய பச்சைத் தேயிலை கசக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மென்மையான இலையில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, அதையே ஐந்து நிமிடம் ஊறவும் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கொதித்த நீரை இறக்கி 70 முதல் 80 டிகிரிக்கு ஆறவிட்டு ஊற்றுங்கள். இரண்டு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். அப்படியும் கசந்தால் இலை பழையது அல்லது மட்டமானது, அதை விட்டுவிடலாம்.

வெள்ளைத் தேயிலையில் உருட்டலும் இல்லை, வறுத்தலும் இல்லை. வாட்டி உலர்த்துவதோடு சரி. சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் ஃபூதிங், ஜெங்ஹே ஊர்கள் இதற்குப் பெயர்போனவை. மொட்டின் மேலுள்ள வெள்ளைப் பூமயிர்தான் பெயருக்குக் காரணம், சாறு வெள்ளையாக இருக்காது. மஞ்சள் தேயிலை மிக அரிது. பச்சைத் தேயிலை போலச் சூடு காட்டிய பிறகு, வெதுவெதுப்பு ஆறுவதற்குள் துணியிலோ தாளிலோ பொதிந்து புழுங்க விடுவார்கள், அதில் பச்சை வாடை போய்விடும். ஹுனான் மாநிலத்து ஜுன்ஷான் தீவுத் தேயிலை இதற்கு உதாரணம். ஊலாங் கறுப்புக்கும் பச்சைக்கும் இடையில் நிற்பது. மூங்கில் தட்டில் இலையைக் குலுக்கிக் குலுக்கி ஓரத்தை மட்டும் காயப்படுத்துவார்கள். ஓரம் சிவந்து நடு பச்சையாக இருக்கும்போது வறுத்து நிறுத்திவிடுவார்கள். இந்தச் சிவப்பைப் பத்துப் பங்கில் ஒரு பங்கிலும் நிறுத்தலாம், ஏழெட்டுப் பங்கிலும் நிறுத்தலாம். அதனால்தான் ஒரு ஊலாங் பூ மணக்கிறது, இன்னொன்று கருப்பட்டி மணக்கிறது. வூயி, ஆன்ஷி, தைவான் மூன்றும் இதற்குப் பேர்போன இடங்கள். இந்த மூன்று வகையும் எங்கள் கடைக்குக் கொஞ்சமாகத்தான் வரும். எனக்கு இவற்றில் இருப்பது விற்பவனின் அறிவே தவிர, செய்பவனின் அறிவு அல்ல.

இனி இட்லி மாவுப் பக்கம். ஷான் மலைக்கு அடுத்த சீன மாநிலம் யுன்னான். அங்கே புவேர் என்ற கருந்தேயிலை செய்கிறார்கள் (முன்பு சொன்ன கறுப்புத் தேயிலை வேறு, இது வேறு). சூடு காட்டி வெயிலில் உலர்த்திய இலையை அழுத்தி அடை போலக் கட்டி ஆண்டுக்கணக்கில் வைத்தால் நுண்ணுயிர்களும் காலமும் அதை மாற்றும். அவ்வளவு காத்திருக்க முடியாதவர்களுக்காக, ஈரமாக்கிக் குவித்து மூடிச் சில வாரங்களில் பழுக்க வைக்கும் முறையை 1973 வாக்கில் குன்மிங் நகரத்துத் தொழிற்சாலை உருவாக்கியது. மண் வாசனை அடிக்கும் கறுத்த சாறு. எனக்கு அது பிடிபடவே ஐந்தாறு வருடம் ஆயிற்று.

உங்கள் பாட்டி தின்றது ‘லப்பெட்’. பர்மிய மொழியில் தேயிலைக்கே அதுதான் பெயர். காய்ந்தது ‘லப்பெட் சௌ’, ஈரமானது ‘லப்பெட் ஸோ’. பாட்டி சொல்வது இரண்டாவதை. சண்டை காரணமாகச் சில ஆண்டுகளாக நம்சான் மலைக்குப் போக முடியவில்லை. அதற்கு முன் ஒவ்வொரு பங்குனியிலும் போவேன். பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன் வரும் முதல் கொழுந்துக்கு ‘ஷுவே பீ’ என்று பெயர், அதற்குத்தான் உச்ச விலை. மழை தொடங்கிவிட்டால் இலை பெருகும், சுவை இளகும். அங்கே மலைக்குடிகள் பலாவுங் மக்கள், தங்களைத் தாஆங் என்று சொல்லிக்கொள்வார்கள். ஒரு வீட்டில் நான் வழக்கமாகத் தங்குவேன். அந்த வீட்டம்மா அடுப்பில் பெரிய பானை, பானை மேல் மரத்தாலான ஆவிக்கூடை என்று வைத்து, கூடை நிறையக் கொழுந்தைக் கொட்டி மூடுவார். ஐந்து நிமிடம் இருக்கும். மூடியைத் திறந்ததும் புகை போல ஆவி கிளம்பும், அதற்குள் கையை விட்டு இலையைப் புரட்டிப் போடுவார். கண்ணைப் பறித்த பச்சை ஆலிவ் நிறமாகி இறங்கியிருக்கும். மூங்கில் பாயில் கொட்டி, சூடு ஆறுமுன் இரண்டு உள்ளங்கையாலும் முன்னும் பின்னும் உருட்டுவார். பாயின் வரிகளுக்கிடையே மஞ்சள் சாறு கசியும். இந்த இடத்தில் வெயிலில் காய வைத்தால் அது பச்சைத் தேயிலை. காய வைக்காமல் மூங்கில் தொட்டியிலோ குழியிலோ அடைத்து, காற்றுப் புகாமல் மேலே பாறாங்கல் ஏற்றிவிட்டால் அதுவே லப்பெட். மூன்று நான்கு மாதம் ஆகும், சிலர் ஓராண்டு கூட விடுவார்கள். இடையிடையே திறந்து பார்ப்பார்கள், சரியில்லை என்றால் மறுபடி ஆவி காட்டுவார்கள். தயிரைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களின் இனம்தான் இங்கேயும் வேலை செய்கிறது. நல்ல லப்பெட்டில் முதலில் இளம்புளிப்பு, பிறகு துவர்ப்பு, விழுங்கிய பின் தொண்டையில் ஓர் இனிப்பு.

ஆகவே பாட்டியின் தேயிலை எந்த வகை? சூடு காட்டி நொதியைக் கொன்றதால் தொடக்கத்தில் அது பச்சைத் தேயிலை. பிறகு நுண்ணுயிர் வேலை செய்ததால் கருந்தேயிலைக்கு உறவு. ஆனால் காற்றில்லாமல் புளித்ததால் புவேரும் அல்ல. சீன ஆய்வாளர்கள் சொல்லும் பச்சை, வெள்ளை, மஞ்சள், ஊலாங், கறுப்பு, கருந்தேயிலை என்ற ஆறு வகைக் கணக்கு கோப்பையில் குடிக்கும் தேயிலைக்கு நன்றாகப் பொருந்துகிறது. தின்னும் தேயிலைக்கு அதில் சரியான அறை இல்லை. என்னைக் கேட்டால் ஊறுகாய்த் தேயிலை என்று தனியாகவே வைப்பேன், இது என் கருத்து. வட தாய்லாந்தின் மியாங்கும் ஜப்பானின் ஆவா பஞ்ச்சாவும் அதற்கு உறவினர்கள்.

லப்பெட் பற்றிப் பாகான் மன்னர் அலாங்சிது தேயிலை விதையைப் பலாவுங் மக்களுக்குக் கொடுத்தார், அவர்கள் ஒற்றைக் கையால் (பர்மிய மொழியில் ‘லெட் தபெட்’) வாங்கியதால் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. அலாங்சிது 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட உண்மையான மன்னர். மற்றது மலை மக்கள் அன்போடு சொல்லும் கதை, சான்று என்று எடுத்துக்கொள்ள முடியாது. பழமொழி மட்டும் ஊரறிந்தது: பழத்தில் மாம்பழம், இறைச்சியில் பன்றி, இலையில் லப்பெட். வழக்கில் தீர்ப்பு வந்ததும் இரு தரப்பும் லப்பெட் தின்றால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்ற பழைய மரபும் இருந்தது. இன்றும் பையனுக்குத் துறவாடை உடுத்தும் சடங்குக்கு அழைக்க வருபவர்கள் லப்பெட்டோடுதான் வாசலில் நிற்பார்கள்.

உடல்நலம் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நான் மருத்துவன் அல்ல. எல்லாத் தேயிலையிலும் காஃபின் உண்டு, பச்சை என்பதால் இல்லாமல் போகாது. லப்பெட்டில் இலையையே விழுங்குகிறோம், அதனால்தான் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இரவில் அதைத் தின்கிறார்கள், பாட்டிக்கு மாலைக்குப் பிறகு கொடுக்க வேண்டாம். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். இது நன்கு நிறுவப்பட்டது. இரத்தசோகை உள்ளவர்கள் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. பச்சைத் தேயிலை குடித்தால் உடம்பு மெலியும் என்பது அவ்வளவு உறுதியானதல்ல, அதை நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம். பச்சைத் தேயிலைச் சாற்றை மாத்திரையாக அதிக அளவில் விழுங்குவது ஈரலுக்குக் கேடு செய்யக்கூடும், அதைத் தொடவே வேண்டாம்.

லப்பெட் வாங்கினால் நிறத்தைப் பாருங்கள். 2009இல் பர்மா அரசே பல பொட்டலங்களில் ஆராமின் என்ற தடை செய்யப்பட்ட சாயத்தைக் கண்டுபிடித்து அறிவித்தது. நல்ல லப்பெட் மங்கிய ஆலிவ் நிறத்தில்தான் இருக்கும். பளிச்சென்ற மஞ்சள் பச்சையாக இருந்தால், தண்ணீரில் போட்டதும் சாயம் இறங்கினால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கிடைக்கவே இல்லையென்றால் பச்சைத் தேயிலையை இரவு ஊற வைத்து, கசப்பு நீரை இரண்டு மூன்று முறை பிழிந்து ஊற்றிவிட்டு, இஞ்சி, எலுமிச்சை, உப்பு சேர்த்து ஊற விடுவோரும் உண்டு. அது புளித்ததல்ல, சாயலுக்கு ஆகும்.

உண்மையான லப்பெட் கிடைத்துவிட்டால் ஒருமுறை அலசிப் பிழிந்து, கடலை எண்ணெயில் பிசறி வைத்துக்கொள்ளுங்கள். பொரித்த பூண்டு, பொரித்த பருப்பு, வறுத்த நிலக்கடலை, எள், பச்சை மிளகாய், நறுக்கிய தக்காளி, முட்டைக்கோஸ், எலுமிச்சைச் சாறு போட்டுக் கையாலேயே பிசைய வேண்டும். காய்ந்த இறால் போடுவது வழக்கம், விட்டுவிட்டால் சைவம். இப்படிப் பிசைவதற்குத்தான் பர்மிய மொழியில் ‘தோ’ என்று பெயர். சென்னையில் பர்மாக்காரர்கள் தள்ளுவண்டியில் விற்கும் அத்தோவில் இருப்பதும் அதே சொல்தான். பொரித்த பருப்பைப் பரிமாறும் நேரத்தில் போடுங்கள், முன்னாலேயே போட்டால் நமுத்துவிடும். பாட்டிக்குப் பல் வலு இல்லையென்றால் பருப்பையும் கடலையையும் கொரகொரப்பாக இடித்துச் சேருங்கள்.